என் இடது பக்கம் இல்லாத கல்யாண ஆல்பம்

எனக்குப் புகைப்படம் எடுக்கத் தெரியாது. இதைச் சொல்ல இப்போது கூச்சமில்லை. இருபத்தைந்து வயதில் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை, தெரிந்தவர்களும் சொல்லவில்லை. இன்ஸ்டாகிராமில் என்னைத் தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். நான் எதைப் போட்டாலும் இதயம் போட்டார்கள் (மார்க் என் கையில் இருந்தது). குடத்தைப் படம் எடுத்தால் இதயம். குடத்தில் பாதி மட்டும் தெரிந்தால் இதயத்தோடு கைதட்டலும். ஒருத்தி கெட்டுப்போக இவ்வளவு போதும்.

நாங்கள் மூன்று பேர். ஆம்பூரில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. எஸ்தர் நர்ஸ் ஆனாள். நஸ்ரீன் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் சேர்ந்தாள். நான் டீச்சர். எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்து மூன்றே வாரத்தில் அவளும் விமானம் ஏறிவிடுவாள். அதற்குள் அவளுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தோம். நஸ்ரீன் மிக்ஸி என்றாள். நான்தான் பெரிய ஆளாகச் சொன்னேன்: "மிக்ஸி யார் வேணா குடுப்பாங்க. நாம மூணு பேரும் ஒரு நாள் ஃபுல்லா சுத்துவோம். நான் எடுக்கறேன். அத ஆல்பமா போட்டுக் குடுக்கலாம்."

"மிக்ஸின்னா டெய்லி யூஸ் ஆவும்" என்றாள் நஸ்ரீன். அவள் எப்போதுமே இப்படித்தான்.

ஆனாலும் கேமரா அவள்தான் கொண்டுவந்தாள். அவள் அண்ணனுடையது. நிஜமான கேமரா, நீளமான லென்ஸ். அதைப் பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அவள் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள். "கீழ போட்டன்னா நான் வீட்டுக்குப் போவ முடியாது. உன் வீட்லதான் இருப்பேன், காலம் பூரா" என்று மட்டும் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெண்ணை வெளியே விட மாட்டார்கள். அதிலும் எஸ்தரின் அம்மா, கிரேஸ் ஆன்ட்டி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. ரிடையர் ஆனது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான். வேலூரில் தையல்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டும் என்று ஒரு பொய் சொல்லி எஸ்தரைக் கிளப்பினோம். ஆன்ட்டி எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள வந்துடணும்" என்றார். அவ்வளவுதான். நான் வேலை செய்யும் பள்ளியின் தாளாளருக்குக் கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

காலையில் வேலூர் லாங் பஜார். நகர வாழ்க்கையைப் பதிவு செய்வதாக எனக்கு எண்ணம். தோழிகளிடம், சிரிக்காதீர்கள், கேமராவைப் பார்க்காதீர்கள், இயல்பாக நடங்கள் என்றேன். அவர்கள் இயல்பாக நடந்து கூட்டத்தில் காணாமல் போனார்கள். நான் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தள்ளுவண்டிச் சக்கரத்தின் வழியே வெளிச்சம் வருவதை எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் சிறிது நேரம் பொறுமையாக நின்றார்.

"இன்னாம்மா, சக்கரத்துல எதுனா உயுந்துடுச்சா?"

"இல்லண்ணா, படம் எடுக்கறேன்."

"எடுத்துக்க. ஆனா இது போவற வண்டி."

எஸ்தர் இரண்டு முறை கேட்டாள், "ஏய் கலை, மூணு பேரும் சேர்ந்து ஒண்ணு எடுத்துக்கலாம்டி." (என் பெயர் கலைச்செல்வி. கூப்பிடுவது கலை.) அதெல்லாம் எல்லாரும் எடுக்கிற படம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஒரு அறை விடத் தோன்றும்.

மதியம் ஆம்பூர் திரும்பும் வழியில் இறங்கினோம். ஊருக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு தோல் பதனிடும் ஷெட்டில், சென்னையிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் ஏதோ செய்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. சுவரில் மாட்டிய படம் இல்லை. நாமே உள்ளே போய் நடுவில் நிற்க வேண்டிய கலை. வாசலில் பெரிய பேனர்: 'வாருங்கள், கலையில் மூழ்குங்கள்.'

உள்ளே இருட்டு. கூரையிலிருந்து நூற்றுக்கணக்கில் கால்கள் தொங்கின. ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கிற கால் வடிவக் கட்டைகள்தான். ஆம்பூரில் தெருவுக்குத் தெரு பார்க்கிற சாமான். ஆனால் அந்த இருட்டில், மேலே இருந்து சின்னச் சின்ன விளக்கு விழ, எங்கோ தோல் பதனிடுகிற பழைய டிரம் சுற்றுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்க, அவை நடந்து போவது போலவே இருந்தது. தரையிலும் அதே கால்கள் தலைகீழாகத் தெரிந்தன. கருங்கல் தரைக்கு நன்றாகப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று நான் முடிவு செய்தேன்.

அது தரை இல்லை. தோல் ஊற வைக்கிற பழைய தொட்டிகள். தரை மட்டத்துக்குக் கருநீலத் தண்ணீரை நிரப்பிக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார் ஓவியர். வாசலில் ஒரு கல்லூரிப் பெண் எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்பினாள்: "வெள்ளைக் கோட்டைத் தாண்டாதீங்க." நானும் கேட்டேன். சாதாரண ஜனங்களுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்தரும் நஸ்ரீனும் அந்தக் கால்களுக்குக் கீழே நின்றார்கள். எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அன்றைக்கு முதல் தடவையாக, என்னை அறியாமல், ஒரு நல்ல படம் என் முன்னால் இருந்தது. முழு உருவமும் வர வேண்டும் என்று ஒரு அடி பின்னால் போனேன். இன்னும் ஒரு அடி.

மூன்றாவது அடி வைத்த இடத்தில் தரை இல்லை.

இடது பக்கமாகச் சரிந்து விழுந்தேன். இடுப்பளவு ஆழம்தான், ஆனால் விழுகிற வேகத்தில் இடது கை தோள் வரைக்கும், கன்னம் காது வரைக்கும் உள்ளே போய்விட்டு வந்தது. வலது கை மட்டும், யாரும் சொல்லாமலே, கேமராவோடு மேலே நின்றது. என் வாழ்நாளில் அந்தக் கை செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

முதலில் ஓடி வந்தது நஸ்ரீன். ஓரத்தில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, என் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். துப்பட்டாவால் துடைத்தாள். லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"ஆழமா?" என்றாள்.

இதற்குள் எஸ்தர் தன் வலது கையைக் கொடுத்து என்னை இழுத்தாள். நர்ஸ் கை, நல்ல பிடி. கூடியிருந்த பத்திருபது பேரும் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் செல்போனில் பிடித்தார்கள். நான் மேலே வந்து முட்டி போட்டதும் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் தட்டினார்கள். குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது: "இது அரை மணிக்கு ஒரு தபாவா?"

ஓவியர் ஓடி வந்தார். என்னை ஒரு நொடி பார்த்தார். தொட்டியை வெகு நேரம் பார்த்தார். "அலை அடங்க நேரமாகும். அதுவரைக்கும் யாரையும் உள்ள விட வேணாம்" என்று அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்றும் கேட்டேன். தோல் சாயம் என்றார். இடத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, இதே ஊர் கடையில் வாங்கினதாம்.

வெளியே வெயிலில் வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் இடது கை தோளிலிருந்து விரல் நகம் வரை கருநீலம். இடது கன்னமும் காதும் கழுத்தும் அதே. எஸ்தரின் வலது உள்ளங்கையும் விரல்களும் அதே. நாளை மறுநாள் அந்தக் கையைத்தான் சர்ச்சில் எல்லார் முன்னாலும் மாப்பிள்ளை பிடிக்க வேண்டும். அவளுக்குத் தோழிப்பெண்ணாகப் பக்கத்தில் நிற்க வேண்டியவள் நான்.

நஸ்ரீன் பேனரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தப்பா எழுதிட்டாங்க. 'கலை, மூழ்கு'ன்னு இருந்திருக்கணும்" என்றாள். எஸ்தர் அங்கேயே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியது. பிறகு திரும்பவும் சிரிப்பு.

"அம்மா கொன்னுடுவாங்கடி" என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் என்னை உட்கார விடவில்லை. "சீட்டுல ஒட்டிக்கும்மா, நின்னுக்குனே வா" என்றார். இடம் காலியாக இருந்தும் ஊர் வரை நின்றேன்.

வீட்டில் என் அம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேராக எலுமிச்சம்பழத்தை அறுத்தார். அரை மணி நேரம் தேய்த்தார். போகவில்லை என்றதும் புளியைக் கரைத்துத் தேய்த்தார். சாயங்காலம் அப்பா வந்தார். அப்பா முப்பது வருஷமாகத் தோல் கம்பெனியில் சாயப் பிரிவு சூப்பர்வைசர். சட்டையைக் கூடக் கழற்றாமல் என் கையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார். முழங்கையை மடக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

"ஈவனா புடிச்சிருக்கு" என்றார். "திட்டுத் திட்டா இல்ல."

"எப்பப்பா போவும்?"

"போவாது. போவாத மாதிரிதான போடறோம்." பிறகு அம்மாவைப் பார்த்து, "இன்னா தேச்ச?" என்றார்.

"எலுமிச்சம்பழம். அப்புறம் புளி."

அப்பா தலையை ஆட்டினார். கோபமில்லை, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது. "ஆசிட் ஊத்திதான் நாங்க சாயத்த நிக்க வெப்போம். நீ கரெக்டா பண்ணியிருக்க."

அம்மா கையிலிருந்த புளியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

"ஷூவா இருந்தா மூணு வருஷம் தாங்கும்" என்றார் அப்பா ஆறுதலாக. "உன்து உசுருள்ள தோலு. பத்து பதினஞ்சு நாள்ல உரிஞ்சிடும்."

ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், என் தோல் என்று அந்தச் சாயம் பேதம் பார்க்கவில்லை என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதற்குள் எஸ்தர் தன் வீட்டில் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, பஸ் கதவில் நசுங்கிவிட்டது என்று சொல்லியிருந்தாள். ஆன்ட்டி நம்பினாரா என்று தெரியவில்லை. மறுநாள் காலை நஸ்ரீன் பத்து மருதாணிக் கோனோடு அந்த வீட்டுக்குப் போனாள். ஊர் முழுக்க எல்லாப் பெண்களும் வைத்துக்கொள்கிறார்கள்தான். ஆனால் ஆன்ட்டி வீட்டில் வழக்கமில்லை. நானும் கூடப் போயிருந்தேன், முழுக்கைச் சட்டையும் முகத்தைச் சுற்றித் துப்பட்டாவுமாக. (பல் வலி என்று சொல்லியிருந்தேன்.)

"நம்ம வீட்ல இதெல்லாம் பழக்கமில்லம்மா" என்றார் ஆன்ட்டி.

நஸ்ரீன் கண்ணிமைக்காமல் சொன்னாள், "எங்க வீட்ல தோஸ்த்துக்குக் கல்யாணம்னா நாங்கதான் ஆன்ட்டி வெக்கணும். வெக்கலன்னா எங்களுக்கு ஆவாது." அப்படி ஒரு வழக்கம் அவள் வீட்டிலும் கிடையாது, எந்த வீட்டிலும் கிடையாது. சொல்லிவிட்டுக் கண்ணீரும் விட்டாள். அந்தக் கண்ணீர் மட்டும் நிஜம் என்று நினைக்கிறேன். எஸ்தர் மூன்று வாரத்தில் போகிறாளே.

ஆன்ட்டி கோன்களை எண்ணிப் பார்த்தார். "சரி. முழங்கைக்கு மேல போவக் கூடாது" என்றார்.

நஸ்ரீன் எஸ்தரின் வலது உள்ளங்கையில் கொடி, பூ, இலை எதுவும் போடவில்லை. மொத்தமாக அப்பிவிட்டாள். மற்ற இடங்களில் கொடி. மறுநாள் அது கறுத்துப் பளபளவென்று நின்றது. கீழே கருநீலம், மேலே மருதாணி. கல்யாணத்துக்கு வந்த பெண்களெல்லாம் எஸ்தரின் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். "இவ்ளோ கறுப்பா நான் எங்கயும் பாத்ததில்ல. மாப்ள உசுரையே வெச்சிருப்பாரு" என்றார் ஒரு பெரியம்மா. நஸ்ரீனிடம் அன்றைக்கு மூன்று கல்யாண வீட்டார் நம்பர் வாங்கினார்கள். அவளால் அந்தக் கறுப்பை மறுபடி கொண்டுவர முடியவே இல்லை.

என்னை அப்பிவிட முடியாதே. முகத்துக்கு மூன்று பூச்சுப் பவுடர் போட்டோம். நீலம் சாம்பல் நிறமாயிற்று, இன்னும் மோசம். கைக்கு நஸ்ரீன் ஒரு வெள்ளை வலைக் கையுறை வாங்கி வந்தாள். வலையின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் நீலம் எட்டிப் பார்த்தது. கடைசியில் இடது கையில் பெரிய பூங்கொத்தைக் கொடுத்து மறைத்து, இடது கன்னம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்தினார்கள். கல்யாண போட்டோகிராபர் என்னை ஒரு முறை பார்த்தார். அவர் நிஜமான புகைப்படக்காரர், காரணம் கேட்கவில்லை. "மேடம், நீங்க கேமராவைப் பாக்க வேணாம். பொண்ணையே பாருங்க" என்றார். காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை, காசில் பொறித்த தலை மாதிரி, ஒரே பக்கமாக நின்றேன். பாஸ்டர் ஜெபம் செய்தபோதும் அப்படித்தான். கேக் வெட்டியபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசியபோதும் கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பிப் பதில் சொன்னேன்.

சாப்பாட்டுப் பந்தியில், துப்பட்டாவை முகத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்து பிரியாணியில் கை வைத்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கிரேஸ் ஆன்ட்டி. குனிந்து என் துப்பட்டாவை லேசாக விலக்கி இடது கன்னத்தைப் பார்த்தார்.

"அந்தத் தொட்டி எவ்ளோ ஆழம்?" என்றார்.

ஆன்ட்டி தன் செல்போனை எடுத்துக் காட்டினார். சர்ச் பெண்கள் குழுவில் யாரோ அனுப்பிய வீடியோ. 'நம்ம ஊரில் நவீன கலை நிகழ்ச்சி' என்று மேலே எழுதியிருந்தது. நான் விழுகிறேன். கல்யாணப் பெண் கை கொடுக்கிறாள். கைதட்டல்.

"இது எப்ப வந்துச்சு ஆன்ட்டி?"

"நீங்க வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடி."

அப்படியானால் கைக்குட்டை, பல் வலி, நஸ்ரீன் வீட்டு வழக்கம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேதான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "அவ கை குடுத்தா இல்ல. அது போதும்னு விட்டுட்டேன்." பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் எடுத்த படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்னூற்றுச் சொச்சம் இருந்தன. சக்கரம், மூட்டை, நிழல், யாருடையவோ முழங்கை. மூன்று பேர் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுமில்லை. உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. நஸ்ரீன் கேமராவை என்னிடமிருந்து பிடுங்கியபோது அவள் விரல் தவறிப் பட்டு எடுபட்டது. கோணலாக, எஸ்தர் முழுதாகக் குனிந்து கை நீட்டுகிறாள். நான் வாயைத் திறந்தபடி கீழே இருக்கிறேன். ஓரத்தில் மங்கலாக நஸ்ரீனின் வளையல். மஸ்கட்டில் எஸ்தர் வீட்டு வரவேற்பறையில் அது மாட்டியிருக்கிறது. வீடியோ அழைப்பில் பேசும்போதெல்லாம் அவள் தலைக்குப் பின்னால் நான் மூழ்கிக்கொண்டிருப்பேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எஸ்தரின் கல்யாண ஆல்பம் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனது. அவர் அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆனால் நாற்பது பக்கமும் புரட்டிய பிறகு ஒரு சந்தேகமும் வந்துவிட்டது. தரகர் மூலமாக நாசூக்காக விசாரித்தார்கள்: பெண்ணுக்குக் கழுத்து திரும்பாதாமே?

அப்பா நேரில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வந்தார்கள். நான் காப்பி கொண்டுபோனேன். அந்த அம்மா என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். காப்பியை வாங்கிக்கொண்டு மெதுவாக எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து, "அந்த ஜன்னலு எந்தத் தெருவப் பாத்து இருக்குதும்மா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னேன். அவர் மகனைப் பார்த்துத் தலையாட்டினார். நிச்சயமானது.

இப்போது அவர் என் மாமியார். நல்ல மனுஷி. எங்களுக்கு ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. எல்லா வீட்டையும் போல எனக்கும் கணவருக்கும் அவ்வப்போது சண்டை வரும். நான் பேசாமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவேன். அவரும் பேச மாட்டார். சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்ப்பார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கரிசனமாக மகனிடம் கேட்பார்:

"இன்னாடா, மறுபடியும் கழுத்து புடிச்சிக்கிச்சா?"